முதல் முறை குட்டி எடுப்பவர்களுக்கு: சினை நாயைப் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

சினை நாய்க்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு நோட்டும் பேனாவும் என்றுதான் நான் ஆரம்பிப்பேன். நடுராத்திரியில் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டால் அவர் கேட்பதெல்லாம் எண்கள்தான். இன்று எத்தனையாவது நாள்? கடைசியாக உடல் சூடு எவ்வளவு இருந்தது? எத்தனை மணிக்கு முக்க ஆரம்பித்தாள்? எத்தனை குட்டி வந்தது, எத்தனை நஞ்சுக்கொடி விழுந்தது? பதில் கையில் இருந்தால், "உடனே கொண்டு வாருங்கள்" என்பதா, "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்" என்பதா என்று அவரால் போனிலேயே முடிவு செய்ய முடியும்.

என் நாய் செம்பியின் முதல் பிரசவத்தில் என்னிடம் நோட்டு இல்லை. நான்கு குட்டிகள் வந்தபின் அவள் படுத்துவிட்டாள். களைத்துவிட்டாள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி முக்க ஆரம்பித்ததும் பயந்துபோய்ப் போன் செய்தேன். நான்காவது குட்டி வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று மருத்துவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவது குட்டி உயிரில்லாமல்தான் வந்தது. நேரத்தைக் குறித்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பிரசவத்தையும் எழுதாமல் பார்த்ததில்லை.

இணை சேர்ப்பதற்கு முன்பே

முதல் ஹீட்டில், அதாவது முதன்முறையாகப் பருவத்துக்கு வரும்போது, இணை சேர்க்காதீர்கள். அந்த வயதில் நாயின் உடம்பே வளர்ந்து முடிந்திருக்காது. இரண்டு வயதுக்கு முன் வேண்டாம் என்பதே என் கட்சி. இடுப்பு மூட்டு, கண், இதயம் என்று அந்தந்த இனத்தில் வழிவழியாக வரும் கோளாறுகளுக்கான பரிசோதனைகளும் பெரும்பாலும் அந்த வயதில்தான் தெளிவாகத் தெரியும். புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு வழி குறுகல். இவற்றில் பலவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் குட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆண், பெண் இரண்டுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை கட்டாயம். இந்தக் கிருமி இணை சேரும்போது பரவி, கருவைக் கலைத்துவிடும். பிரசவ நீரையும் கலைந்த கருவையும் தொடும் மனிதருக்கும் தொற்றும். அப்புறம், தடுப்பூசிகளை இணை சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சினையாக இருக்கும்போது உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளைப் போடக்கூடாது. தாயின் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியே சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகிறது என்பதால், இதில் தள்ளிப்போடவே கூடாது.

நாள் கணக்கு

நாய்க்குச் சினைக்காலம் 63 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் அது சரி, ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி போடலாம். ஆண் நாயின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். வெளியான கருமுட்டையும் முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு இடைவெளி. ஹீட் சமயத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்து கருமுட்டை வெளியான நாளைக் குறித்து வைத்தால், கடைசியில் "நாள் தாண்டிவிட்டதா, இல்லையா" என்ற தவிப்பு பெருமளவு குறையும். அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய இனங்களுக்கு இதைத் தவறவே விடாதீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இணை சேர்ந்த ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். அங்கிருந்து 28-ஆம் நாள், 42-ஆம் நாள், 55-ஆம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று கணக்குப் போட்டு வட்டமிடுங்கள். மீதி எல்லாம் இந்த மூன்று தேதிகளை ஒட்டித்தான்.

சினைதானா என்று உறுதி செய்ய

வயிறு தெரிகிறது, காம்பு சிவந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பொய்ச்சினை நாய்களிடம் சர்வசாதாரணம். பால்கூட வரும், பொம்மைகளைக் குட்டி போலக் காக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. 28-ஆம் நாளை ஒட்டி ஸ்கேன் எடுங்கள். குட்டிகளின் இதயம் துடிப்பதை அதில் பார்க்கலாம், ஆனால் எத்தனை குட்டி என்பது ஸ்கேனில் சரியாகத் தெரியாது. எண்ணிக்கைக்கு 55-ஆம் நாளுக்குமேல் எக்ஸ்ரே. அதற்குள் எலும்புகள் கெட்டிப்பட்டிருக்கும். மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் மருத்துவர் எண்ணிச் சொல்வார்.

அந்த எக்ஸ்ரேயைத் தேவையில்லாத செலவு என்று நினைக்க வேண்டாம். பிரசவ இரவில் "முடிந்ததா, இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா" என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு குட்டி இருந்தால் அதுவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிரசவத்தைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்துதான் வர வேண்டும். ஒற்றைக் குட்டியால் அது போதிய அளவுக்கு வராமல் நாள் தள்ளிப்போகலாம். அப்படிப்பட்ட சினையை மருத்துவரோடு சேர்ந்து முன்பே திட்டமிட வேண்டும்.

முதல் ஐந்து வாரம்: அதிகம் ஒன்றும் மாற்ற வேண்டாம்

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில நாள் சாப்பாட்டைத் தள்ளிவைப்பாள், லேசாக வாந்தி எடுப்பாள். ஓரிரு நாளில் சரியாகிவிடும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான அளவு, வழக்கமான நடை. சினை என்று தெரிந்ததுமே இரண்டு பங்கு வைக்க ஆரம்பித்தால் குட்டி வளராது, தாய்தான் கொழுப்பாள். பருத்த நாய்க்குப் பிரசவம் கஷ்டம்.

எந்த மருந்தாக இருந்தாலும், உண்ணி மருந்தோ ஷாம்புவோ கூட, "இவள் சினை" என்று மருத்துவரிடம் சொல்லிக் கேட்டபிறகே கொடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் கூடவே கூடாது. பச்சை இறைச்சியும் வேண்டாம். அதில் வரும் கிருமிகள் கருவுக்கு ஆபத்து.

ஆறாவது வாரத்திலிருந்து

42-ஆம் நாளுக்குப் பிறகுதான் குட்டிகள் கிடுகிடுவென்று எடை போடும். இப்போதிருந்து சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிரசவ சமயத்தில் வழக்கத்தைவிடக் கால்பங்கு முதல் அரைப்பங்கு அதிகமாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிகளுக்கான தரமான உணவுக்கு ஒரு வாரம் எடுத்து மெதுவாக மாற்றிவிடுங்கள். குட்டிகள் இரைப்பையை அழுத்துவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கால்சியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்வது இதில்தான் அதிகம். பால் சுரக்க ஆரம்பித்ததும் தாயின் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்குக் கொடுக்கும். அந்த வேலையை நடத்துவது கழுத்தில் இருக்கும் சிறு சுரப்பிகள். சினைக்காலத்தில் நாம் மாத்திரையாகவும் டானிக்காகவும் கால்சியத்தை ஊட்டிக்கொண்டே இருந்தால், தேவையில்லை என்று அந்தச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். குட்டிகள் பால் குடிக்க ஆரம்பித்து ரத்தத்தில் கால்சியம் மளமளவென்று இறங்கும்போது அவற்றால் உடனே விழித்துக்கொள்ள முடியாது. தாய்க்கு வலிப்பு வந்துவிடும். "எலும்பு பலத்துக்கு" என்று யார் சொன்னாலும், மருத்துவர் எழுதித் தராமல் சினைக்காலத்தில் கால்சியம் தொடாதீர்கள். நல்ல உணவில் இருப்பதே போதும்.

குடற்புழு மருந்தையும் இந்தச் சமயத்தில் கேளுங்கள். தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுக் குஞ்சுகள் சினையின் பிற்பகுதியில் விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்கே போய்விடும். அதைக் குறைக்க 40-ஆம் நாளிலிருந்து பிரசவத்துக்கு இரண்டு வாரம் பிறகு வரை தினமும் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார்.

கடைசி மூன்று வாரமும் பிரசவத்துக்குப் பின் மூன்று வாரமும் வெளி நாய்களோடு சேர விடாதீர்கள். பெரிய நாய்க்குச் சாதாரணச் சளி போல வந்துபோகும் ஹெர்பிஸ் வைரஸ், பிறந்த குட்டிகளை ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிடும். நடை மட்டும் நிற்க வேண்டாம். தாவல், குதித்தல், மாடிப்படி ஓட்டம் இவற்றை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன நடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் பொருட்களும்

பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே பெட்டி தயாராக இருக்கட்டும். அவளே போய்ப் படுத்துப் பழக வேண்டும். இல்லையென்றால் கடைசி நேரத்தில் கட்டிலுக்கு அடியிலோ துணி அலமாரியிலோ போய்ப் போட்டுவிடுவாள். அவள் முழுதாக நீட்டிப் படுத்தாலும் இடம் மிச்சமிருக்கும் அகலம், குட்டிகள் ஏறி வெளியே விழாத உயரம், அவள் சுலபமாகத் தாண்டிப் போகும்படி ஒரு பக்கம் தாழ்வு. பெரிய நாய் என்றால் உள்பக்கச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒரு குட்டியின் உயரத்தில் கம்பி அல்லது கட்டை அடித்துவிடுங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் அந்தச் சந்து காப்பாற்றும்.

பொருட்களைப் பெரிய பட்டியலாக்க வேண்டியதில்லை. சுத்தமான பழைய துண்டுகள், நீங்கள் நினைப்பதைப் போல மூன்று மடங்கு. டிஜிட்டல் தெர்மாமீட்டர். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. மூக்கில் சளி உறிஞ்சும் சிறு ரப்பர் பம்ப். கொதிக்க வைத்த கத்தரிக்கோல், கெட்டி நூல், பொவிடோன் அயோடின். குட்டிகளுக்கான பால்மாவும் பாட்டிலும். குட்டிகளை அடையாளம் காண வண்ண நாடா. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் முன்கூட்டியே விசாரித்து நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் வாரம்

56-ஆம் நாளிலிருந்து காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை ஆசனவாயில் சூடு பாருங்கள். நாயின் வழக்கமான சூடு ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிரசவத்துக்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு இது 37.2-க்குக் கீழே, அதாவது 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும். பின் மெல்ல ஏறிவிடும். ஒரு நாளைக்கு ஒரே தடவை பார்த்தால் அந்த இறக்கத்தைத் தவறவிட்டுவிடலாம். இறங்கி 24 மணி நேரமாகியும் பிரசவ அறிகுறி எதுவும் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரசவம்

முதல் கட்டம் வெளியே பெரிதாகத் தெரியாது. மூச்சு வாங்குவாள், நடுங்குவாள், துணியைப் பிறாண்டுவாள், சாப்பிட மாட்டாள், உங்கள் பின்னாலேயே வருவாள் அல்லது தனியாக ஒளிவாள். இது 6 முதல் 12 மணி நேரம், முதல் பிரசவத்தில் இன்னும் நீளலாம். இந்த நேரத்தில் வீட்டில் கூட்டம் கூட்டாதீர்கள். அவள் நம்பும் ஒருவர், மங்கிய வெளிச்சம், தண்ணீர், அவ்வளவு போதும். வெளியே கூட்டிப் போவதென்றால் கயிற்றோடும் டார்ச்சோடும் போங்கள். மலம் கழிக்கும் தோரணையிலேயே முதல் குட்டி வந்து விழுவது உண்டு.

இரண்டாம் கட்டத்தில் வயிறு இறுகி முக்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த நிமிடத்தை எழுதுங்கள். பனிக்குடம் கருநீலப் பலூன் போல எட்டிப் பார்க்கும், அப்புறம் குட்டி. பின்னங்கால் முதலில் வந்தால் பதற வேண்டாம், நாய்களில் கிட்டத்தட்ட பத்தில் நான்கு குட்டிகள் அப்படித்தான் வரும். கால்கள் மடங்கி, பின்புறமும் வாலும் மட்டும் முன்னால் வந்தால்தான் சிக்கல். குட்டி பாதி வெளியே நிற்கிறதென்றால், வேகமாக இழுக்காதீர்கள். சுத்தமான துண்டால் பிடித்து, அவள் முக்கும்போது மட்டும் அவள் கால்களின் பக்கமாகக் கீழ்நோக்கி மெதுவாகத் தாங்குங்கள். நகரவில்லை என்றால் உடனே மருத்துவர்.

பெரும்பாலான தாய்கள் குட்டியைச் சுற்றியிருக்கும் பையைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, நக்கிச் சுத்தம் செய்துவிடும். முதல் குட்டியில் சில திகைத்துப்போய் வெறுமனே பார்க்கும். சில விநாடிகளுக்குமேல் காத்திருக்காதீர்கள். முகத்தின் மேலிருக்கும் பையை விரலால் கிழித்து, வாயையும் மூக்கையும் துடையுங்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து ரப்பர் பம்பால் நீரை உறிஞ்சுங்கள். பிறகு துண்டால் முதுகை நன்றாகத் தேயுங்கள். பார்த்தால் முரட்டுத்தனம் போலத் தோன்றும், அந்தத் தேய்ப்புதான் மூச்சைக் கிளப்பும். நாக்கு நீலத்திலிருந்து மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறி, பூனைக்குட்டி போல ஒரு கீச்சு. அது வரும்வரை பதினைந்து இருபது நிமிடமானாலும் விடாதீர்கள். குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். மூளையில் ரத்தம் கசிந்துவிடும்.

தொப்புள்கொடியை நீங்கள் வெட்ட வேண்டியிருந்தால் வயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, அயோடின் தொட்டு வையுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி. சில சமயம் இரண்டு குட்டிகளுக்குப் பின் இரண்டும் சேர்ந்து விழும். எண்ணி எழுதுங்கள். தாய் தின்றால் ஒன்றிரண்டு பரவாயில்லை, நிறையத் தின்றால் வயிற்றுப்போக்கு.

குட்டிக்கும் குட்டிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொதுவானது. இப்போது காட்டப்போகும் எதையாவது பார்த்தால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்:

– பலமாக முக்கி 20 முதல் 30 நிமிடமாகியும் குட்டி வரவில்லை
– விட்டுவிட்டு லேசாக முக்கியபடி இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது
– உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரியும், முந்தையது வந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது
– முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வடிகிறது. நஞ்சுக்கொடி பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதல் குட்டிக்குப் பிறகு பச்சை நீர் வந்தால் பயமில்லை
– ரத்தம் கொட்டுகிறது, அல்லது அவள் சோர்ந்து எழ முடியாமல் கிடக்கிறாள்

கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டில் வைத்துக்கொண்டு தாங்களே போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பை கிழிந்துவிடும். அது மருத்துவர் பரிசோதித்துவிட்டு எடுக்க வேண்டிய முடிவு.

பிறந்த குட்டிகள்

முதல் வாரத்தில் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் குளிரும் பசியும்தான், அதுவும் அந்த வரிசையில். பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது, தன் சூட்டைத் தானே காக்க முடியாது. குட்டிகள் படுக்கும் மூலை முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி இருக்கட்டும், பிறகு வாரவாரம் குறையுங்கள். விளக்கையோ வெப்பப் படுக்கையையோ பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டிகள் நகர்ந்துபோக இடம் வேண்டும், தாய்க்கும் குளிர்ந்த பக்கம் வேண்டும். சரியான சூட்டில் குட்டிகள் தளர்வாக ஒன்றை ஒன்று தொட்டபடி அமைதியாகத் தூங்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். மூலைக்கு ஒன்றாகச் சிதறினால் வெப்பம்.

சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள். உடல் குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் உங்கள் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். மூக்கால் முட்டித் தேட ஆரம்பித்த பிறகு காம்பில் விடுங்கள். சீம்பால் முதல் சில மணி நேரங்களுக்குள் கிடைக்க வேண்டும். ஒரு நாளுக்குப் பிறகு அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடலால் உறிஞ்ச முடியாது. பாட்டில் பால் கொடுக்க நேர்ந்தால் குட்டியைக் குப்புற வைத்துக் கொடுங்கள், மனிதக் குழந்தை போல மல்லாத்தி அல்ல. பசும்பாலில் குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது. பால்மாவே சரி.

தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும், பத்து பதினான்கு நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். பார்வைக்கு எல்லாக் குட்டிகளும் ஒன்றுபோலக் கொழுகொழுவென்றுதான் தெரியும். ஒரு குட்டி பின்தங்குவதைத் தராசு ஒரு நாள் முன்பே காட்டிவிடும். அந்தக் குட்டியைப் பால் நிறையச் சுரக்கும் பின் காம்புகளில், மற்றவை தூங்கும்போது தனியாக விடுங்கள்.

தாய்

பிறந்த ஓரிரு நாளுக்குள் தாயையும் குட்டிகளையும் மருத்துவர் பார்த்துவிடட்டும். பால் கொடுக்கும்போது அவளுக்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு சாப்பாடு தேவைப்படும், மூன்றாவது, நான்காவது வாரத்தில் உச்சம். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தினமும் ஒவ்வொரு காம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். மென்மையாக, இளஞ்சூடாக இருக்க வேண்டும். கல்போல இறுகி, சிவந்து, தொட்டால் உறுமினால் மடிவீக்கம். செம்பழுப்புக் கசிவு மூன்று வாரம் வரை வரலாம். நாற்றம் அடித்தால், அதோடு காய்ச்சலும் இருந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். குட்டிகளின் நகத்தை வாரம் ஒரு முறை நுனி மட்டும் வெட்டிவிடுங்கள். பால் குடிக்கும்போது அவை மடியைப் பிசையும், அந்த ஊசி நகங்கள் கீறிக் கீறித்தான் பல புண்கள் வருகின்றன.

கால்சியம் குறைந்து வரும் வலிப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரத்தில், சிறிய நாய் நிறையக் குட்டி போட்டிருந்தால் வரும். நிலைகொள்ளாமல் அலைவாள், குட்டிகளைக் கவனிக்க மாட்டாள், கால் விறைத்து நடப்பாள், முகத்தசை துடிக்கும், கடும் சூடு ஏறும். குட்டிகளை உடனே பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஊசி மூலம் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் கண்ணெதிரிலேயே தேறிவிடுவாள். தாமதித்தால் உயிர் போய்விடும்.

குட்டிகள் இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அப்போதே முதல் குடற்புழு மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நான்காவது வாரத்தை ஒட்டி, குழைத்த உணவைத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் பாதிக்குமேல் காலிலும் முகத்திலும்தான் இருக்கும், மீதியைத் தாய் நக்கிவிடுவாள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. எட்டு வாரம் முடியாமல் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரித்து அனுப்பாதீர்கள். அனுப்பும் நாளில் அந்தக் குட்டியின் எடை, மருந்து, ஊசித் தேதி இருக்கும் பக்கத்தை நோட்டிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.